பள்ளியின் வரலாற்றையும் வளாகத்தையும் எழுதும் முறை: யூதப் பள்ளிகளை முன்வைத்துக் குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் நூறு வயதைக் கடந்த பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் எங்கேனும் ஒரு பள்ளியில் நூற்றாண்டு விழாக் குழு கூடுகிறது. மலர் வெளியிடுவது என்று முடிவாகிறது. ‘பள்ளி வரலாறு’ என்ற கட்டுரை தமிழாசிரியரிடமோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடமோ ஒப்படைக்கப்படுகிறது. வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் வந்து குவிந்த பிறகு, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் எழுதப்படும் அக்கட்டுரையில் நிறுவனர் புகழும், தலைமையாசிரியர் பட்டியலும், கட்டடத் திறப்பு விழாக்களும் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை. அதைவிட மேலான ஒன்றை எழுத விரும்புவோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

முன்மாதிரியாக நான் எடுத்துக்கொள்வது கொல்கத்தாவிலும் மும்பையிலும் யூதர்கள் நிறுவிய பள்ளிகளை. நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்கள் உண்டு. ஒரு சிறு சமூகம் தன் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கி, பின்னர் அதில் யார் யாரோ படித்து, கடைசியில் அப்பள்ளி வேறொன்றாக ஆகிவிடும் மாற்றத்தை அவற்றில் மிகத் தெளிவாகக் காண முடிகிறது என்பதே காரணம். நம் மாவட்டத்துப் பள்ளிகளிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது. ஆனால் மெல்ல நடந்ததால் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டிய கேள்விகள்

கொல்கத்தாவின் யூதப் பெண்கள் பள்ளி 1881-இல் தொடங்கப்பட்டது. பாக்தாத், அலெப்போ முதலிய நகரங்களிலிருந்து வந்து குடியேறிய யூத வணிகர்களின் வழிவந்த பெண்பிள்ளைகள் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளுக்குப் போவதைப் பற்றிச் சமூகத்தார் கொண்ட கவலை அதன் தோற்றத்துக்கான காரணங்களில் ஒன்று. 1940-களில் நான்காயிரம், ஐயாயிரம் பேர் என்ற அளவில் இருந்த அச்சமூகத்தில் பெரும்பாலோர் 1947, 1948 ஆண்டுகளின் மாற்றங்களுக்குப் பிறகு இஸ்ரேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று புறப்பட்டுவிட, பள்ளி பிற சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. இன்று பார்க் ஸ்ட்ரீட்டில் இயங்கும் அப்பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெயர் மட்டும் பழைய பெயரே.

மும்பையிலும் கதை ஏறத்தாழ இதுவே. கொங்கணக் கரையிலிருந்து வந்து அந்நகரில் வாழ்ந்த பெனே இஸ்ரவேலர் என்னும் மராத்தி பேசும் யூதர்களுக்காக, அச்சமூகத்தைச் சேர்ந்த ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் முன்னின்று 1875-இல் ‘இஸ்ரவேலர் பள்ளி’ நிறுவப்பட்டது. பின்னாளில், பாக்தாதில் பிறந்து ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் பெரும்பொருள் ஈட்டிய எல்லி கடூரியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பைகுல்லாவில் டேவிட் சாசூன் 1860-களில் கட்டிய மாகேன் டேவிட் ஜெப ஆலயத்தின் மதிலுக்குள்ளேயே சாசூன் குடும்பத்தார் பெயரிலான பள்ளிகள் உள்ளன. அங்கும் இன்று பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகளே படிக்கின்றனர்.

இவற்றைப் பற்றி எழுதுவோர் பலரும் யூதர்கள் கப்பலேறியதோடு கதையை முடித்துவிட்டு, அதன் பின் வந்த அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். இது எனக்கு ஏற்புடையதன்று. பள்ளியைத் தொடங்கியவர் யார், யாருக்காகத் தொடங்கினார், வந்து படித்தவர்கள் யார், பெயர்ப்பலகையில் இருப்பவர் யார் என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். அவற்றுக்கு ஒரே விடை இருக்கும் என்று எண்ணி எழுதத் தொடங்கினால் கட்டுரை அந்த இடத்திலேயே தடம் மாறிவிடும்.

நாகர்கோவிலையே பார்க்கலாம். லண்டன் மிஷன் சங்க மிஷனரி சார்லஸ் மீட்டின் மனைவி ஜொஹானா 1819-இல் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியை இன்று அனைவரும் ‘டதி ஸ்கூல்’ என்றே அழைக்கிறோம். அப்பெயர் சில பத்தாண்டுகளுக்குப் பின் வந்த மிஷனரி டதியினுடையது. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தோபே இட்ட வித்திலிருந்து வளர்ந்து, நாகர்கோவில் செமினரியாகி, 1893-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்த நிறுவனம், நன்கொடை அளித்த செப்டிமஸ் ஸ்காட்டின் பெயரைத் தாங்குகிறது. கெஹிம்கர் பின்னுக்குப் போய்க் கடூரி முன்னுக்கு வந்ததைப் போன்றதே இதுவும். ஆகவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்த நான்கு கேள்விகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் சான்றைத் தனியே குறித்துக்கொண்டு வாருங்கள்.

பதிவேடுகளை வாசிக்கும் முறை

தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடே உங்களுடைய முதன்மைச் சான்று. மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டைகள், ஆய்வாளர்கள் எழுதிச் சென்ற குறிப்பேடு, சம்பளப் பட்டியல், நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பு ஆகியவை அதற்கு அடுத்த நிலையில் வரும். சேர்க்கைப் பதிவேட்டை முதலிலிருந்து இறுதி வரை படித்து முடிப்பது நடக்கக்கூடிய செயலன்று. பத்தாண்டுக்கு ஓர் ஆண்டு வீதம் தேர்ந்துகொண்டு, அந்த ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளின் ஊர், தந்தையின் தொழில், மதமும் சாதியும், ஆண் பெண் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் அட்டவணையாக்குங்கள். பனையேறியின் பிள்ளைகள் எந்தப் பத்தாண்டில் வரத் தொடங்கினார்கள், கடற்கரை ஊர்களிலிருந்து முதல் மாணவர் எப்போது சேர்ந்தார், பெண்பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றுபோனார்கள் என்பன போன்ற செய்திகள் அந்த அட்டவணையில் தாமாக எழுந்து வரும்.

இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை இது வெறும் புள்ளிவிவரமாக நின்றுவிடுவதில்லை. பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டக் காலத்தில் ஜெபக்கூடங்களோடு பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. அப்போராட்டம் ஓயும் வகையில் திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் வந்தது 1859 ஜூலை 26-இல். அதற்குப் பின்னும் அரைநூற்றாண்டு கடந்து, 1910-களில், குழித்துறைக்கு அப்பால் அதிகத் தொலைவில் இல்லாத ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அச்சமூகத் தலைவர் அய்யங்காளி முயன்றபோது பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டது. ஆதலால் உங்கள் பள்ளியின் பதிவேட்டில் எந்தச் சமூகத்தின் பெயர் எந்த ஆண்டில் முதன்முதலாக ஏறியது என்பதற்கு, நிறுவனரின் பிறந்த நாளைக் காட்டிலும் முக்கியத்துவம் உண்டு. ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: தனி மாணவரின் பெயரோடு அவருடைய சாதியையோ, கட்டணச் சலுகை பெற்ற செய்தியையோ சேர்த்து அச்சிடக் கூடாது. தொகையாகத் தந்தால் வரலாறு. பெயரோடு தந்தால் அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தலைக்குனிவு.

பள்ளியில் கிடைக்காதவற்றுக்கு வெளியே போக வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தமையால், அதற்கு முந்தைய அரசுக் கோப்புகளைத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும். பிந்தையவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். லண்டன் மிஷன் சங்கத்தின் பள்ளியாயின், மிஷனரிகள் ஆண்டுதோறும் அனுப்பிய அறிக்கைகளும் கடிதங்களும் லண்டனில் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வியல் பள்ளியின் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பொதுப் பின்னணிக்கு நாகமையா 1906-இலும் வேலுப்பிள்ளை 1940-இலும் வெளியிட்ட திருவிதாங்கூர் மானுவல்களின் கல்விப் பகுதியைப் படித்துக்கொள்வது நல்லது. பழைய கோப்புகளில் பல மலையாளத்தில் இருக்கும். குழுவில் மலையாளம் வாசிக்கும் பெரியவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விளவங்கோடு பக்கத்தில் அத்தகையவரைக் கண்டுபிடிப்பது கடினமன்று.

ஆண்டையும் பணத்தையும் மாற்றிக் கணக்கிடுதல்

பிழைகள் மிகுதியாக நுழையும் இடம் இது. பழைய ஆதாரங்களிலும் (நிலப் பத்திரங்களிலும்) கல்வெட்டுகளிலும் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டே இருக்கும். அது ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆகையால் ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதிகளுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிகளுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். அடிக்கல்லில் ‘கொல்லம் 1075 ஆவணி’ என்றிருந்தால் அது 1899; ‘1075 மாசி’ என்றிருந்தால் 1900. எல்லாவற்றுக்கும் 825-ஐக் கூட்டி, ஓராண்டு தாமதமாக நூற்றாண்டு விழாக் கொண்டாட இடமிருக்கிறது என்பதைக் குழுத் தலைவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

யூதப் பள்ளியைப் பற்றி எழுதுபவருக்கும் இதே சிக்கல் வரும். யூதர்களின் ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் திஷ்ரி மாதத்தோடு பிறப்பதால், புத்தாண்டு முதல் டிசம்பர் வரை 3761-ஐயும், ஜனவரிக்குப் பின் 3760-ஐயும் கழிக்க வேண்டும். கொல்கத்தாப் பள்ளி பிறந்த 1881-இன் தொடக்கம் யூதக் கணக்கில் 5641. அதன் இறுதி 5642. எபிரேயக் கல்வெட்டுகளில் எண்களை எழுத்துகளால் குறிப்பதும், ஆயிரங்களை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் பொறிப்பதும் வழக்கம். திருவிதாங்கூர்ப் பெரியவர்கள் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று சொல்வதும் இவ்வாறு ஆயிரத்தை விழுங்கிய பேச்சே. அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். ஆசிரியரின் சம்பளம் பணத்தில் எழுதப்பட்டிருந்தால் அதை ரூபாய் என்று அச்சிட்டுவிடாதீர்கள். இன்றைய மதிப்புக்கு மாற்றிச் சொல்லவும் முயல வேண்டாம். அதே பட்டியலில் தலைமையாசிரியருக்கும் கடைநிலை ஆசிரியருக்கும் பெண் ஆசிரியருக்கும் இருந்த வேறுபாட்டைச் சொன்னால் வாசகர் தாமே புரிந்துகொள்வார்.

வகுப்புப் பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய புகைப்படத்தில் ‘ஆறாம் பாரம்’ என்று எழுதியிருப்பது இன்றைய ஆறாம் வகுப்பன்று. அது பள்ளியிறுதி வகுப்பு. மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்த பிறகே பல உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாயின. ஆகையால் 1930-ஐப் பற்றிய பத்தியில் ‘மேல்நிலைப் பள்ளி’ என்ற பெயர் வரக் கூடாது.

வளாகத்தைப் பார்த்து எழுதுதல்

வரலாற்றை எழுதுவோர் வளாகத்தைப் பெரும்பாலும் கடைசியில் ‘இன்று நம் பள்ளியில்’ என்று தொடங்கி, வகுப்பறைகள் இத்தனை, கணினிகள் இத்தனை என்று ஒப்பித்து முடிக்கிறார்கள். வளாகமே ஓர் ஆவணம். காகிதங்கள் கரையான் வாய்க்குப் போன பள்ளிகளில் அது ஒன்றே ஆவணம்.

முதலில் நிலத்திலிருந்து தொடங்குங்கள். பள்ளி நிற்கும் இடத்தின் ஆதாரத்தையும், கிடைத்தால் முன்னாதாரத்தையும் வாங்கிப் படியுங்கள். நான்கெல்லை விவரத்தில் அடுத்த விளை யாருடையது, நடைபாதை எங்கே போனது, குளம் எப்பக்கம் இருந்தது என்பவை குறிக்கப்பட்டிருக்கும். சர்வே எண்ணைக் கொண்டு பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் ஒப்பிட்டால், இன்று விளையாட்டு மைதானமாக இருப்பது ஒரு காலத்தில் தென்னந்தோப்பாகவோ நெல்வயலாகவோ இருந்தது தெரியவரும். நிலத்தைக் கொடுத்தவர் பள்ளியை நிறுவிய சமூகத்தைச் சேர்ந்தவர்தானா என்று தவறாமல் பாருங்கள். வேற்றுச் சமூகத்தவர் கொடுத்த நிலத்தில் எழுந்த பள்ளி என்று தெரியவந்தால், கட்டுரையின் முதல் பத்தியே மாறிப்போகும்.

அடுத்தது வழிபாட்டிடத்துக்கும் பள்ளிக்கும் உள்ள இடைவெளி. பைகுல்லாவில் ஜெப ஆலயமும் பள்ளியும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. கொல்கத்தாவில் பெண்கள் பள்ளி முன்னாளில் போலக் தெருவில் பெத் எல் ஜெப ஆலயத்தின் அருகே இருந்து, பிற்காலத்தில் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு இடம் மாறியது. இந்த இடமாற்றத்தை வெறும் முகவரி மாற்றமாக நான் கொள்வதில்லை. வழிபாட்டிடத்தின் நிழலிலிருந்து பள்ளி விலகிய நிகழ்ச்சியாகவே கொள்கிறேன். நம் மாவட்டத்திலும் ஆலயமும் பள்ளியும் ஒரே முற்றத்தைப் பகிர்ந்த இடங்கள் ஏராளம். இரண்டுக்கும் நடுவே மதில் எப்போது எழுந்தது, தனி வாசல் எப்போது வைக்கப்பட்டது என்று கேளுங்கள். ஒரு மதில் எழுந்த ஆண்டு சில வேளை நிர்வாகக் கூட்டக் குறிப்பின் பத்துப் பக்கங்களைவிட அதிகம் சொல்லும்.

யூதர் பயன்படுத்திய கட்டடமாயின் வேறு சில அடையாளங்களையும் தேடலாம். வேத வரிகள் எழுதிய தோல்சுருளை ஒரு சிறு கூட்டில் இட்டு, உள்ளே நுழைபவரின் வலக்கைப் பக்கத்துக் கதவு நிலையில், மேற்பகுதியில் பொருத்துவது அவர்கள் மரபு. அதை மெசூசா என்பார்கள். கூடு அகற்றப்பட்ட பின்னும் மரத்தில் பள்ளமோ ஆணித் துளைகளோ எஞ்சும். சமையற்கட்டில் பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனி இடம், கூடாரப் பண்டிகைக்கு வானம் பார்க்கும் திறந்த முற்றம், எருசலேமை நோக்கி இந்தியாவில் மேற்குப் பார்த்து அமையும் தொழுகைக் கூடம் ஆகியவையும் அவ்வகையின. பள்ளி நாட்காட்டியும் இதே செய்தியைக் கூறும்: வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளுக்காகச் சனிக்கிழமை மூடப்படும் பள்ளி அது. இப்படிப் பார்க்கக் கண்ணைப் பழக்க விரும்புவோர் ரயிலேறிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு ஒருமுறை போய்வரலாம். 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயமும், 1760-இல் எழுந்த அதன் மணிக்கூண்டும், அரண்மனைக் கோயிலோடு அது ஒட்டி நிற்கும் விதமும், ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் இடத்தை எவ்வாறு அமைத்துக்கொண்டது என்பதைக் காட்டும்.

அதே கண்ணோடு உங்கள் பள்ளிக்குத் திரும்பி வாருங்கள். போர்டிங் இருந்த கட்டடத்தில் பந்தி ஒன்றா, பலவா? கிணறுகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் யார் நீர் இறைத்தார்கள்? ஜெபக் கூடம் இன்று ஆய்வகமாகிவிட்டதா? கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் அய்யா வைகுண்டர் அவதார நாளான மாசி 20-க்கும் ஓணத்துக்கும் எந்தெந்தக் காலத்தில் விடுமுறை விடப்பட்டது? இவை யாவும் யார் படித்தார்கள் என்ற கேள்விக்குக் கட்டடம் தரும் விடைகள்.

கட்டடத்தின் வயதைக் கணிப்பதில் ஒரு பொறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய வகுப்பறைகளின் மேற்கூரையில் மங்களூர் ஓடு வேய்ந்திருப்பார்கள். ஓட்டின் அடிப்பக்கத்தில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் முத்திரையோடு 1865 என்ற எண்ணைக் கண்டால் கட்டடம் 1865-இல் எழுந்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. முதல் உலகப்போருக்குப் பின் அத்தொழிற்சாலைகள் காமன்வெல்த் நிறுவனத்தின் கைக்கு மாறின. ஆகவே முத்திரையில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதிலிருந்து ஓட்டின் காலத்தைத் தோராயமாகக் கொள்ளலாம். அதுவும் ஓட்டின் காலமே. புயலுக்குப் புயல் ஓடு மாற்றிய கூரையில் நான்கு தலைமுறை ஓடுகள் கலந்து கிடக்கும். சுவரைப் பாருங்கள்: கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் உள்ள பகுதி பழையது, சிமெண்ட் பூச்சுள்ள பகுதி புதியது என்ற அளவில் கூறுவதே பாதுகாப்பானது.

பார்த்தவற்றையெல்லாம் ஒரு வரைபடமாக்குங்கள். இன்றைய வளாகத்தின் எல்லையை வரைந்து, அதற்குள் ஒவ்வொரு கட்டடத்தையும் அது எழுந்த காலத்துக்கேற்ப வெவ்வேறு கோடுகளால் குறித்து, இடிக்கப்பட்டவற்றைப் புள்ளிக்கோட்டால் காட்டினால், பல பக்க வருணனைக்கு வேலையில்லாமல் போகும்.

பெரியவர்களிடம் கேட்டல்

முன்னாள் மாணவர்களிடம் ‘எந்த ஆண்டு’ என்று நேரடியாகக் கேட்டால் தெளிவான விடை கிடைப்பது அரிது. ஊரே அறிந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு கேளுங்கள்: 1936 நவம்பரில் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்கு முன்பா பின்பா என்பது அவர்கள் தந்தையரிடம் கேட்ட செய்திகளுக்கு உதவும், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தபோது பள்ளி திறந்திருந்ததா, தமிழ்நாட்டோடு சேர்ந்த ஆண்டில் எந்த வகுப்பில் படித்தார், அப்போது பாடநூல் மாறியதா என்பவை அவர்கள் நினைவுக்கே உதவும். இளையவர்களுக்கு 1992 வெள்ளமும் 2004 ஆழிப்பேரலையும் போதும். நிறுவனரின் சமூகத்தைச் சேராத மாணவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்பது மிகவும் அவசியம். வேதபாட வகுப்பில் அவர்கள் என்ன செய்தார்கள், ஜெபத்தின்போது எங்கே நின்றார்கள் என்று அவர்களால் மட்டுமே சொல்ல முடியும். கொல்கத்தாவில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த சின்னத்தை முஸ்லிம் மாணவியர் அணிந்து போவதைப் பற்றி யூதர்கள் எழுதியதைப் படிக்க முடிகிறது. அந்த மாணவியரே எழுதியது அரிதாகவே கிடைக்கிறது. உங்கள் மலரில் அந்தக் குறை வர வேண்டாம்.

எழுதும்போது காலவரிசையைப் பின்பற்றலாம். ஆனால் தலைமையாசிரியர்களின் பதவிக்காலத்தைக் கொண்டு பகுக்காதீர்கள். யார் படித்தார்கள் என்பது மாறிய இடங்களில் பகுத்தால் மூன்று நான்கு பகுதிகளில் முழுக்கதையும் அடங்கும். தலைமையாசிரியர் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கட்டும். இருவேறு சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் கொடுத்து, எதை ஏன் ஏற்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வரைவு முடிந்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு மாதம் பள்ளி நூலகத்தில் பார்வைக்கு வையுங்கள். திருத்தங்களை எழுத்தில் மட்டும் பெறுங்கள். அச்சான பின் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கும் படிகள் அனுப்ப வேண்டும். சேர்க்கைப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொன்றை நிர்வாகத்தின் தலைமை அலுவலகத்திலும் வைத்துவிட்டு, அலமாரியில் எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.